பழைய மேசைக் கணினியும் புது டிவியும்: குமரி மாவட்ட வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

குளச்சலில் என் பெரியம்மை வீட்டுப் பரணில் ஒரு மேசைக் கணினி ஏழு வருடமாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது. 2012இல் வாங்கியது. கோர் ஐ3-2100 புராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வீட்டுக்குப் புது டிவி வந்ததும் அண்ணனுக்கு ஓர் ஆசை பிறந்தது. கல்யாண டிவிடிகள், ஆல்பப் படங்கள், மஸ்கட்டிலிருந்து தம்பி அனுப்பும் செல்போன் வீடியோக்கள், தமிழும் மலையாளமுமாகச் சேர்த்துவைத்த சினிமாக்கள் எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் போட்டு டிவியில் பார்க்க வேண்டும். "ஒரு மணி நேர வேலைதானே, வந்து மாட்டிக்கொடுத்துவிட்டுப் போ" என்றார். ஒன்பது நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு மார்த்தாண்டம் முதல் கன்னியாகுமரி வரை பல உறவினர் வீடுகளில் இதே வேலையைச் செய்துவிட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே கதை: முதலில் சாமான் வாங்கிவிடுகிறார்கள், பிறகுதான் கோளாறு எங்கே என்று தேடுகிறார்கள். நான் வேண்டுவது இதைத் தலைகீழாக்குவது. உங்கள் பெட்டி காட்டும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். வடசேரி பஸ் ஏறி நாகர்கோவில் கடைக்குப் போவது கடைசி வேலை.

இந்த வேலையே வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூடியூபும் ஓடிடியும் மட்டும் போதும் என்றால் டிவியின் பின்னால் செருகும் ஒரு சிறு ஸ்டிக் போதும். பழைய பெட்டியை அப்படியே விடுங்கள். சொந்தமாகச் சேர்த்த வட்டுகளும் கோப்புகளும் இருக்கிறவர்களுக்குத்தான் கணினி லாபம். அதிலும் கோர் 2 டுவோ, டிடிஆர்2 ரேம் என்று இருந்தால் அதற்குமேல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 முதல் மேலே உள்ளவை இன்னும் உழைக்கும்.

பெட்டியைத் தொட்டால் கை சுரீர் என்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டிவியின் எச்டிஎம்ஐ துளை செத்துப்போனதாக எனக்கு வந்த புகார்களில் பாதிக்குமேல் இங்கேதான் வந்து முடிந்தன.

கணினிக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பியில் இறங்கிப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்தத் தகர உடம்பிலேயே நிற்கும். மின்னோட்டம் சிறியது என்பதால் கடித்தது போன்ற ஒரு சுரீரோடு போய்விடுகிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அதே மின்சாரம் டிவியின் நுண்ணிய சில்லுக்குள் இறங்கப் பார்க்கும். உள்ளூர் கேபிள் டிவியின் கம்பியும் அதே டிவியில் இருந்தால் வெளியிலிருந்து இன்னொரு கசிவும் வந்து சேரலாம்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கில் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதுதான் எர்த். சுவரில் இரண்டு துளைதான் இருக்கிறது என்று அதை ஒடித்துவிட்டவர்களையும், மூன்றை இரண்டாக்கும் அடாப்டரில் மாட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நல்ல மூன்று துளை சாக்கெட்டில் மாட்டியபிறகும் சுரீர் தொடர்ந்தால் கோளாறு வீட்டின் எர்த்தில். எலெக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குமேல் வரக் கூடாது. பெரியம்மை வீட்டில் எர்த் குழாய் இருந்தது. குழாயின் தலையில் கம்பியைப் பிடித்திருந்த கிளிப்புதான் உப்புக் காற்றில் அரித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கடலோரத்தில் முதலில் போவது அந்த இடம். கடலைவிட்டு உள்ளே தள்ளி, செம்மண் மேட்டில் உள்ள வீடுகளில் வேறு வகைக் கோளாறு: பங்குனி, சித்திரையில் மண் வறண்டு எர்த் பிடிக்காது. குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எர்த் சரியாகும்வரை எச்டிஎம்ஐ கேபிளை மாட்டவோ கழற்றவோ வேண்டாம். சரியான பிறகும் டிவி, கணினி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கேபிளைச் செருகி, அதன்பிறகு மின்சாரம் கொடுப்பது நல்ல பழக்கம்.

ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை

டிவியைத் திட்டுவதற்கு முன்னால் டிவி எந்த உள்ளீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1இல் கேபிளை மாட்டிவிட்டு டிவியை எச்டிஎம்ஐ 2இல் வைத்துக்கொண்டு அரை நாள் போராடிய வீடு உண்டு. அது என் வீடு.

அடுத்து, புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும். கார்டு வந்ததும் பழைய மதர்போர்டுகள் பெரும்பாலும் தங்கள் சொந்தத் துளையை அணைத்துவிடும்.

இரண்டும் சரி, ஆனாலும் திரை கறுப்பு என்றால் ரேம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். இரு பக்கப் பூட்டும் 'டக்' என்று விழ வேண்டும். உப்புக்காகிதம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தங்கத்தையே எடுத்துவிடும். முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் சும்மா கிடந்த பெட்டிகளில் இந்த ஒரு வேலையிலேயே பாதிக்குமேல் உயிர்பெற்றன. உப்பும் ஈரமும் சேர்ந்து பற்களின்மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திவிடுகின்றன, அவ்வளவுதான் விஷயம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம்தான். பீப்பே வராவிட்டால் ரேம் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பல கேபினெட்டுகளில் அந்தச் சிறு ஸ்பீக்கரே கிடையாது.

ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். அதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும். பின்பக்கக் கம்பி வலை வழியே டார்ச் அடித்துப் பார்க்கலாம். தக்கலையில் ஒரு பெட்டிக்குள் பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. இன்னொன்றில் எறும்பு மண் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. பின்பக்கம் காலியாக விட்ட கார்டு இடுக்குகளுக்குத் தகட்டு மூடி போடுங்கள். மதர்போர்டில் உள்ள உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைக் கணினிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்தால் கீழே நான் வீடியோவைப் பற்றி அழப்போகும் அழுகையில் முக்கால்வாசி உங்களுக்கு இல்லை.

படம் வருகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது, எழுத்து கலங்குகிறது

திரையின் கீழே உள்ள டாஸ்க்பார் பாதி மறைந்தால் அது டிவியின் பழைய பழக்கம். ஒளிபரப்பின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் இயல்பு. டிவியின் பட அளவு அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்' என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் விளிம்பில் சிவப்பும் நீலமும் கசிந்தால் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை டிவி மெனுவில் 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் இந்தப் பெயர் மாற்றமே மருந்து.

டிவி 4கே, கணினி பழையது என்றால் கணினியை 1920க்கு 1080 அளவிலேயே விட்டுவிடுங்கள். மீதியை டிவி பார்த்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ 1.4 வழியே 4கே அனுப்பினால் வினாடிக்கு 30 படம்தான் போகும், மவுஸ் அம்பே சேற்றில் நடப்பதுபோல் நகரும்.

போர்டில் எச்டிஎம்ஐ இல்லை, பழைய மானிட்டருக்கான விஜிஏ துளைதான் என்றால், விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டி வாங்கலாம். அதற்கு யுஎஸ்பியிலிருந்து மின்சாரமும், ஒலிக்குத் தனிக் கம்பியும் வேண்டும். விஜிஏ ஒலியைச் சுமக்காது. இந்த இரண்டு கம்பியும் இல்லாத மலிவு வகையை வாங்கிவிட்டு வந்து என்னிடம் காட்டாதீர்கள்.

ஒலி ஓடுகிறது, படம் நொண்டுகிறது

'கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது' என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடும் அறிகுறி இது. எந்த இடத்தில் கிழடு என்று யாரும் கேட்பதில்லை.

வீடியோக் கோப்பு என்பது சுருட்டிக் கட்டிய பாய். அந்தக் கட்டுக்குப் பல வகை உண்டு: எச்.264, எச்.265 என்கிற ஹெச்இவிசி, விபி9, ஏவி1. கிராபிக்ஸ் சில்லுக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரிந்திருந்தால் ஒரு உதறலில் விரித்துவிடும். தெரியாவிட்டால் புராசசர் வெறுங்கையால் அவிழ்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் ஐ3-2100க்கு எச்.264 தெரியும், மற்ற மூன்றும் தெரியாது. இன்டெல்லில் ஹெச்இவிசி 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலும், 10 பிட் ஹெச்இவிசியும் விபி9உம் முழுமையாக ஏழாம் தலைமுறையிலும், ஏவி1 2020இல் பதினோராம் தலைமுறையிலும் வந்து சேர்ந்தன. அதனால்தான் பழைய சினிமாக் கோப்பு வழுக்கிக்கொண்டு ஓடும் அதே பெட்டியில் தம்பி நேற்று அனுப்பிய இரண்டு நிமிட வீடியோ மூச்சுத் திணறுகிறது.

சோதனை எளிது. வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து புராசசரின் சதவீதத்தைப் பாருங்கள். 100ஐ முட்டிக்கொண்டு நின்றால் கட்டு அவிழ்க்கும் பிரச்சினை. 20, 30இல் அமைதியாக இருந்தும் படம் நொண்டினால் ஹார்ட் டிஸ்க்கோ வைஃபையோ காரணம். அந்தப் பகுதிகள் கீழே இருக்கின்றன.

கட்டுதான் பிரச்சினை என்று தெரிந்தால் கார்டு வாங்க ஓடாதீர்கள். யூடியூபில் ஓடும் வீடியோவின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கடைசியில் 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' இருக்கும். அதில் கோடெக் என்ற வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று தெரிந்தால், பிரவுசரில் 'எச்264இஃபை' என்ற இலவச நீட்சியைச் சேர்த்துவிடுங்கள். அதன்பின் யூடியூப் எச்.264 வடிவத்தையே அனுப்பும். 1080க்கு மேல் தெளிவு கிடைக்காது. பெரியம்மைக்கு அது தெரியப்போவதில்லை, உண்மையைச் சொன்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்த எனக்கும் தெரியவில்லை.

செல்போன் வீடியோக்களுக்கு மருந்து மஸ்கட்டில் இருந்தது. ஐஃபோன் 2017 முதல் ஹெச்இவிசியில் பதிவுசெய்கிறது. கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264க்குத் திரும்பிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இப்படி ஒரு தேர்வு உண்டு. தம்பிக்கு ஒரு வாட்ஸ்அப் குரல்செய்தி, செலவு பூஜ்யம். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வீடியோக்களை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வரிசையாகப் போட்டு, இரவு முழுக்க மாற்றவிட்டு உறங்கப் போகலாம்.

இத்தனைக்கும் பிறகு 4கே ஹெச்இவிசிக் கோப்புகள் நிறைய இருக்கின்றன என்றால் கார்டு நியாயம். ஜிடி 1030 போதும். ஹெச்இவிசி 10 பிட், விபி9 இரண்டும் அதற்குத் தெரியும். 30 வாட்தான் தின்னும், அதனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கம்பி கேட்காது, எச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 4கே டிவிக்கு 60 படமும் அனுப்பும். ஏவி1 மட்டும் தெரியாது. கடையில் இதற்கும் குறைந்த விலையில் ஜிடி 710ஐ எடுத்து நீட்டுவார்கள். அதற்கு ஹெச்இவிசியே தெரியாது, உங்கள் பிரச்சினைக்கு அது விடையில்லை. ஒல்லியான அலுவலகக் கேபினெட் என்றால் அரை உயரத் தகடும் கார்டின் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கிவிட்டு, அந்தத் தகட்டுக்காக மறுபடியும் பஸ் ஏறினேன்.

இன்னொரு நொண்டல் உண்டு. புராசசர் அமைதி, டிஸ்க் அமைதி, ஆனால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் படம் விக்கும். சினிமாவில் வினாடிக்கு 24 படம், டிவி 60இல் ஓடுகிறது. சமமாகப் பங்குபோட முடியாததால் வரும் விக்கல் அது. கோடி என்ற மீடியா மென்பொருளில், படத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் நின்றுவிடும். பெயரில்தான் கோடி, விலை இல்லை.

திறந்து உட்கார்ந்தால் டீ குடித்து முடிக்கும்வரை வட்டம் சுற்றுகிறது

ஹார்ட் டிஸ்க். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. அன்றைக்கே கல்யாணப் படங்களை வேறு இடத்துக்கு நகலெடுங்கள், மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகு. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கெட்டது.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் விண்டோஸை ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு, அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்குக்கு, மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் காசு செலவழிக்க நான் மனமார்ந்து சொல்லும் ஒரே சாமான் அதுதான். 2.5 அங்குலச் சாட்டா வகையே வேண்டும். பபுள்கம் பட்டை போன்ற என்விஎம்இ வகைக்கு இந்தப் போர்டுகளில் இடமும் இல்லை, அதிலிருந்து தொடங்கவும் தெரியாது. படங்களுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கே போதும்.

மாற்றியபின் நீலத் திரையில் 0எக்ஸ்7பி என்ற எண் வந்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பில்) சாட்டா முறையை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள். பழையபடி வைத்தால் தொடங்கிவிடும். சுத்தமாகப் புது இயங்குதளம் போடுவதாக இருந்தால் முதலிலேயே ஏஹெச்சிஐ வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரேம் 8 ஜிபி ஆக்கினால் நல்லது. ஆனால் மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3 துண்டுகளில் ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடும் வகை ஒன்று உண்டு. இன்டெல் போர்டில் போட்டால் கறுப்புத் திரைதான். 'ஓடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா' என்று கேட்டு வாங்குங்கள். பழைய 32 பிட் விண்டோஸ் இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் மூன்று சொச்ச ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைப் புராசசர்களை ஏற்பதில்லை. நான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். நிறுவும்போது மல்டிமீடியா கோடெக்குகளைக் கேட்கும் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். பேங்க் வேலை எதையும் பழைய விண்டோஸில் செய்யாதீர்கள்.

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள். 2011 ஜனவரி 1 போல ஏதாவது பழைய தேதியைக் காட்டும். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. ரசவடையும் டீயும் சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். மாற்றிவிட்டுப் பயாஸில் தேதியைத் திருத்துங்கள்.

பாட்டு அலறுகிறது, பேச்சு கேட்கவில்லை

படத்தின் ஒலி ஆறு வாய்க்காலில் (சேனலில்) வருகிறது, டிவியில் இரண்டு ஸ்பீக்கர். பேச்சு நடுவாய்க்காலில் வரும். கணினி 'ஆறு ஸ்பீக்கர் இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருந்தால் அந்த நடுவாய்க்கால் காற்றில் போய்விடும். விண்டோஸ் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். கோடியில் ஒலி வாய்க்கால் எண்ணிக்கை 2.0 ஆக இருக்கட்டும். அங்கேயே நடுவாய்க்காலை உயர்த்தும் தேர்வும் உண்டு.

ஒலியே இல்லாவிட்டால் பெரும்பாலும் அது கணினியின் பச்சைத் துளைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒலி ஐகானைச் சொடுக்கி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். தனி ஆம்ப்ளிஃபையர் வைத்து 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால் கணினி, டிவி, ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் கேபிள் டிவிக் கம்பியைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டது.

கல்யாண டிவிடியில் கை அசைந்தால் சீப்பு சீப்பாகக் கோடு

நான் மிகவும் ரசித்த கோளாறு இது. நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் 'பால்' (PAL) என்ற டிவி முறையில், வினாடிக்கு 25 படமாக, ஒவ்வொரு படமும் ஒற்றை வரிசை, இரட்டை வரிசை என்று இரண்டு பாதியாகப் பதிவானவை. பழைய பிக்சர்டியூப் டிவி அப்படியே காட்டியது, கோடு தெரியவில்லை. தட்டைத் திரை இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் காட்டும்போது அசைவு உள்ள இடத்தில் மாத்திரம் பற்கள் முளைக்கின்றன. விஎல்சி என்ற இலவச மென்பொருளில் வீடியோ மெனுவுக்குள் டீஇன்டர்லேஸை இயக்கி, முறையில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மயினி தாலிக்குத் தலைகுனியும் காட்சி இருபது வருடத்தில் முதன்முறையாகப் பல் இல்லாமல் தெரிந்தது.

வட்டு நடுவில் திக்கினால், மழைக்காலத்து ஈரத்தில் பூத்த பூஞ்சையாக இருக்கலாம். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அதனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியாவது முயலுங்கள். படித்த உடனே ஹார்ட் டிஸ்க்குக்கு நகல். அடுத்த மழைக்கு அந்த வட்டு இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

பென்டிரைவில் பெரிய கோப்பு ஏறமாட்டேன் என்றால் அது ஃபேட்32இல் இருக்கிறது, 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள், உள்ளே இருப்பதை எடுத்துவைத்துவிட்டு.

அரை மணி நேரத்தில் தானாக அணைகிறது

சூடு. புராசசர்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தட்டும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் புராசசருக்கும் நடுவே தடவிய பத்து வருடப் பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும், துடைத்துப் பயறளவு புதிது வையுங்கள். இன்டெல்லின் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அவற்றில் ஒன்று சரியாக இறங்காமல் மூன்று காலில் நிற்பதுதான் பசை மாற்றியபிறகும் சூடு குறையாததற்கு முதல் காரணம். பெட்டியை டிவி அலமாரிக்குள் அடைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் ஆடிக் காற்றுக்குச் சன்னல் திறந்திருந்தால் தூசி மாதம் ஒருமுறை சேரும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் வரும்போது ரீஸ்டார்ட் ஆகிறது

எஸ்எம்பிஎஸ் தன்னிடம் உள்ள மிச்சத்தை வைத்து ஏறக்குறைய 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்கும். மலிவானதும் வயதானதும் அதற்கும் குறைவு. பல வீட்டு இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் கூடுதல். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். பலருக்கு அந்தச் சுவிட்ச் இருப்பதே தெரியாது.

இடியைப் பற்றியும் இங்கேயே. நமக்குச் சித்திரை, வைகாசியின் மாலை இடியும் உண்டு, ஐப்பசியின் இடியும் உண்டு. ஸ்பைக் பலகையை நம்பாதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிள் டிவிக் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் மோடத்தின் அடாப்டரும் அதிலிருந்து கணினிக்கு வரும் லேன் கம்பியும் கடத்தும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்துக் கரண்ட் போன நாட்களில் நான் எல்லா பிளக்கையும் மாட்டியபடியே விட்டிருந்தேன். மின்சாரம் திரும்பிய நொடியில் என் எஸ்எம்பிஎஸ் 'டப்' என்றது. என் சோம்பலுக்குக் கொடுத்த விலை.

வைஃபை இருக்கிறது, படம் நின்று நின்று வருகிறது

சிறு வைஃபை டாங்கிள் பெட்டியின் பின்பக்கம் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே மாட்டியிருந்தால் பாவம் அது என்ன செய்யும்? ஒரு முழ யுஎஸ்பி நீட்டிப்பு கம்பியில் முன்னால் கொண்டுவாருங்கள். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் கெடுக்கும். வயர்லெஸ் கீபோர்டு எழுத்தை விழுங்குவதற்கும் இதே காரணம்தான். எல்லாவற்றையும்விட மேல், மோடத்திலிருந்து ஒரு கேட்6 லேன் கம்பி இழுத்துவிடுவது.

பெரியம்மைக்குக் கீபோர்டு சரிப்படவில்லை. கோடியைக் கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்கும்படி வைத்துவிட்டு, அவருடைய போனில் 'கோரே' என்ற அதிகாரபூர்வ ரிமோட் செயலியைப் போட்டுக்கொடுத்தேன். கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், கோடியின் அமைப்பில் வெளியிலிருந்து கட்டுப்படுத்த அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாளில் பழகிவிட்டார். இப்போது அண்ணன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்தே டிவியை நிறுத்துகிறாராம். அந்தக் கோளாறுக்கு என்னிடம் வழி கேட்கிறார் அண்ணன்.